கூப்பிட்டால் வரவேண்டியவர் யார்?

(மருத்துவ வரலாறு குறித்த பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கௌபாய் படங்களில் ஒரு டாக்டர் வருவார். கையில் கறுப்புத் தோல் பை, வாயில் விஸ்கி வாடை. வந்ததும் வெந்நீர் கேட்பார். அந்த வெந்நீரை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்தார் என்று எந்தப் படமும் இதுவரை காட்டியதில்லை. குண்டை எடுத்துத் தட்டில் 'டிங்' என்று போடுவார், விடியும்வரை தாங்கினால் பிழைத்துக்கொள்வான் என்பார், போய்விடுவார். அமெரிக்க மேற்கின் எல்லைப்புற மருத்துவம் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது இவ்வளவுதான். அந்தக் காட்சிகளில் ஒரு விஷயத்தைக் கவனித்திருக்கிறீர்களா? ஆள் அனுப்பினால் டாக்டர் வந்துவிடுகிறார். மழையோ துப்பாக்கிச் சண்டையோ, எப்படியாவது வந்துவிடுகிறார். நான் இன்று பேசப்போகும் கவுண்டியில் அப்படி நடக்கவில்லை. அங்கே மருத்துவத்தின் கதையே டாக்டர் வராமல் போனதைச் சுற்றித்தான் இருக்கிறது.

நெப்ராஸ்கா மாநிலத்தின் வடகிழக்கில், மிசூரி ஆற்றின் மேற்குக் கரையில் இருக்கிறது தர்ஸ்டன் கவுண்டி. நம்முடைய தாலுகாவுக்கும் மாவட்டத்துக்கும் இடைப்பட்ட ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். சுமார் 400 சதுர மைல். 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை ஏழாயிரத்தை எட்டவில்லை. மக்காச்சோள வயல், ஆற்றோரக் குன்றுகள், சில சிற்றூர்கள். 1854-இல் ஒமாஹா பழங்குடியினர் பரந்த வேட்டை நிலங்களை அமெரிக்க அரசுக்கு எழுதிக்கொடுத்துவிட்டு, தங்களுக்கென்று ஒதுக்கி வைத்துக்கொண்ட துண்டு நிலம் இது. 1865-இல் அதன் வடபகுதியும் கைமாறி, வினிபேகோ பழங்குடியினர் அங்கே குடியேறினார்கள். தர்ஸ்டன் என்ற பெயரில் கவுண்டி அமைந்தது 1889-இல்தான். வரைபடம் போட்டவர்கள் இதை எல்லைப்புறம் என்றார்கள். ஒமாஹாக்களுக்கு இது எல்லையாகவும் இல்லை, புறமாகவும் இல்லை. வீடு, அவ்வளவுதான்.

அந்த வீட்டுக்கு வெள்ளையரின் மருத்துவம் வருவதற்கு வெகுகாலம் முன்பே வெள்ளையரின் நோய் வந்து சேர்ந்தது. 1800 வாக்கில் பெரியம்மை ஆற்றோடு ஏறி வந்தது. பிளாக்பேர்ட் என்ற பெரும் தலைவர் அதில் இறந்தார். அவரை ஆற்றைப் பார்த்த குன்றின்மேல் புதைத்தார்கள். 1804 ஆகஸ்டில் ஆய்வுப் பயணிகளான லூயிஸும் கிளார்க்கும் தங்கள் படகுகளோடு அங்கே வந்தபோது ஒமாஹாக்களின் பெரிய கிராமம் வெறிச்சோடிக் கிடந்தது. சுமார் நானூறு பேர் அம்மையில் போனார்கள் என்று கிளார்க் எழுதிவைத்தார்.

அந்தப் பயணத்தில் டாக்டர் இல்லை. லூயிஸ் கொண்டுவந்தது பிலடெல்பியாவின் புகழ்பெற்ற டாக்டர் பெஞ்சமின் ரஷ் தயாரித்த மாத்திரைகள். பாதரச உப்பும் ஜலப்பா கிழங்கும் சேர்ந்த கடும் பேதி மருந்து. படகுக்காரர்கள் அதற்கு இடி என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். பேதிக்குக் கொடுப்பது, ரத்தத்தைக் கீறி வடிப்பது, இந்த இரண்டும்தான் அன்றைய படித்த வைத்தியம். ஒமாஹா கிராமத்தைத் தாண்டிச் சில நாட்களில், ஆகஸ்ட் 20 அன்று, சார்ஜென்ட் சார்ல்ஸ் ஃபிளாய்ட் வயிற்றுவலியில் இறந்தார். குடல்வால் வெடித்திருக்கும் என்று இன்றைய மருத்துவர்கள் ஊகிக்கிறார்கள். அந்த நெடும் பயணத்தின் ஒரே மரணம் அதுதான். பிலடெல்பியாவின் நடுவீதியில் படுத்திருந்தாலும் அவர் பிழைத்திருக்க மாட்டார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், 'மருத்துவ வசதியற்ற எல்லைப்புறம்' என்ற பேச்சு 1804-க்குப் பொருந்தாது. அந்த ஆண்டில் உலகம் முழுக்கவே மருத்துவ வசதியற்ற இடம்தான். ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு: அம்மைப்பால்.

பெரியம்மைக்கு எதிரான ஜென்னரின் தடுப்பு முறை அப்போதே அமெரிக்காவுக்கு வந்துவிட்டது. 1832-இல் பழங்குடிகளுக்கு அம்மை குத்த அமெரிக்கக் காங்கிரஸ் 12,000 டாலர் ஒதுக்கிச் சட்டம் போட்டது. நல்ல சட்டம். ஆனால் மிசூரி ஆற்றில் எதுவரை மருத்துவரை அனுப்புவது என்று தீர்மானித்தவர் போர்த்துறைச் செயலர் லூயிஸ் காஸ். ஆற்றின் மேற்பகுதியில் வாழ்ந்த மண்டான் பழங்குடியினருக்கு அனுப்பவேண்டாம் என்று அவர் விட்டுவிட்டார். 1837-இல் நீராவிப் படகோடு பெரியம்மை வந்தது. அந்தக் கோடைக்குப் பிறகு மண்டான்களில் மிஞ்சியவர்கள் இருநூறுக்கும் குறைவு. மருந்து இருந்தது, பணம் இருந்தது, சட்டம் இருந்தது. ஆள் போகவில்லை.

ஒமாஹாக்களிடம் சொந்த வைத்தியம் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. எருமை வைத்தியர்கள் என்று ஒரு குழு. கனவில் காட்டெருமை வந்து வரம் தந்தவர்கள் என்பது ஐதீகம். காயங்களுக்கு வைத்தியம் பார்ப்பது அவர்கள் வேலை. ஃபிரான்சிஸ் லா ஃபிளெஷ் என்ற ஒமாஹா அறிஞர் 1890-இல் நாட்டார் வழக்காற்று இதழ் ஒன்றில் அதைப் பற்றி எழுதியிருக்கிறார். விளையாட்டில் துப்பாக்கி வெடித்து ஒரு சிறுவனுக்குக் குண்டு பாய்ந்துவிடுகிறது. வைத்தியர்கள் கூடுகிறார்கள். ஒவ்வொருவராகத் தன் கனவுப் பாட்டைப் பாடி, வேரை மென்று, தண்ணீரோடு காயத்துக்குள் விசையாக ஊதுகிறார்கள். சிறுவன் பிழைக்கிறான். அந்த நீர் காயத்தைக் கழுவியது, வேருக்கும் ஏதோ குணம் இருந்திருக்கலாம் என்று நாம் இன்று விளக்கம் சொல்லிக்கொள்ளலாம். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறு: கூப்பிட்டதும் அத்தனை வைத்தியரும் வந்துவிட்டார்கள்.

ஆனால் பெரியம்மைக்கும் காசநோய்க்கும் அவர்களிடம் பாட்டு இல்லை. 1876-இல் ஒமாஹாக்களின் கடைசி எருமை வேட்டை நடந்தது. அதற்குப் பிறகு எருமை இறைச்சி போய், ரேஷன் மாவும் உப்பிட்ட பன்றிக்கொழுப்பும் வந்தன. காற்றோட்டமான தோல் கூடாரம் போய், ஒரு ஜன்னலுள்ள மரப்பலகை வீடு வந்தது. குளிர்காலம் முழுக்க அதற்குள் அடைந்து கிடந்தால் ஒருவரின் இருமல் எல்லோருக்கும்தான்.

அந்தப் பலகை வீடுகளை முதலில் கட்டியவர்களில் ஒருவர் ஜோசப் லா ஃபிளெஷ், இரும்புக்கண் என்று பெயர் பெற்ற தலைவர், ஃபிரான்சிஸின் தகப்பனார். காலம் மாறிவிட்டது, வெள்ளையரின் படிப்பும் உழவும் கற்காவிட்டால் அழிந்துபோவோம் என்று நம்பியவர். அவருடைய கிராமத்தைப் பொய் வெள்ளைக்காரர் கிராமம் என்று மற்றவர்கள் கேலி செய்தார்கள். 1865-இல் அவருக்குப் பிறந்த கடைசி மகள் சூசன். ஃபிரான்சிஸுக்கு வேறு தாய் வயிற்றுத் தங்கை.

சூசன் சிறுமியாக இருந்தபோது, நோயுற்ற ஒரு கிழவியின் பக்கத்தில் இரவில் உட்கார்ந்திருந்தாள். பழங்குடியினருக்காக அரசு நியமித்த ஏஜென்சி டாக்டருக்கு ஆள் போனது. வருகிறேன் என்றார். வரவில்லை. மறுபடி ஆள் போனது. மூன்றாம் முறை போனது. நான்காம் முறையும் போனது. விடிவதற்குள் கிழவி இறந்துவிட்டாள். டாக்டர் வராததன் பொருளைப் பிற்காலத்தில் சூசன் சொன்னார்: செத்தது ஒரு இந்தியப் பெண்தானே (பழங்குடியினரை அங்கே அப்படித்தான் அழைத்தார்கள்), அதனால் பெரிதில்லை என்பதுதான் அது.

அந்த டாக்டர் கல்நெஞ்சர் என்று சொல்லி முடித்துவிடலாம், அது சுலபம். ஏஜென்சி டாக்டர் வேலை அந்தக் காலத்தில் கட்சிச் சிபாரிசில் கிடைப்பது. சம்பளம் குறைவு, வெளியில் பிழைக்க முடியாதவர்களே பெரும்பாலும் வந்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அவர் பதில் சொல்லவேண்டிய இடம் வாஷிங்டன். கிழவியின் வீட்டார் அவரை ஒன்றும் செய்ய முடியாது. நோயாளிக்குப் பதில் சொல்லத் தேவையில்லாத மருத்துவர் நல்லவராக இருந்தால் அது அதிர்ஷ்டம்; இல்லாவிட்டால் யாரிடம் போய்ச் சொல்வது?

சூசன் படிக்கப் போனார். நியூ ஜெர்சியில் ஒரு பள்ளி, பிறகு வர்ஜினியாவில் ஹாம்ப்டன் கல்லூரி, 1886-இல் பிலடெல்பியாவில் பென்சில்வேனியா பெண்கள் மருத்துவக் கல்லூரி. செலவை ஏற்றுக்கொண்டது கனெக்டிகட் மாநிலத்துப் பெண்களின் ஒரு சங்கம். ஒரு நிபந்தனை: படிக்கும்போதும், முடித்துச் சில ஆண்டுகளும் கல்யாணம் செய்துகொள்ளக் கூடாது. போட்ட பணம் அடுப்படிக்குப் போய்விடக் கூடாதே என்ற கவலை. 1889 மார்ச்சில் 36 பேர் கொண்ட வகுப்பில் முதலாவதாகத் தேறினார். அமெரிக்கப் பழங்குடிப் பெண்களில் முதல் மருத்துவப் பட்டதாரி அவர்.

அந்தக் கல்லூரியின் பெயரைக் கேட்டதும் உங்களில் சிலர் நிமிர்ந்திருப்பீர்கள். ஆனந்திபாய் ஜோஷி 1886-இல் பட்டம் பெற்றது அங்கேதான். நம் வேலூருக்கு வந்த ஐடா ஸ்கடர் 1895-இல் மருத்துவம் படிக்கச் சேர்ந்ததும் அங்கேதான். பிறகு கார்னெலுக்கு மாறினார். ஐடாவின் திண்டிவனத்து இரவு இங்கே எல்லோருக்கும் தெரிந்த கதை. மூன்று வீட்டு ஆண்கள் வந்து பிரசவத்துக்கு அழைக்கிறார்கள். டாக்டரான அப்பாவை அழைத்துப் போங்கள் என்கிறாள் ஐடா. அந்நிய ஆண் எங்கள் பெண்ணைத் தொடக் கூடாது என்று போய்விடுகிறார்கள். மூன்று பெண்களும் விடிவதற்குள் இறந்துபோகிறார்கள். திண்டிவனத்தில் டாக்டர் வரத் தயார், வீடு விடவில்லை. நெப்ராஸ்காவில் வீடு நான்கு முறை அழைத்தது, டாக்டர் வரவில்லை. இரண்டு இரவுகளும் இரண்டு பெண்களை ஒரே கல்லூரிக்கு அனுப்பிவைத்தன.

சூசன் 1889-இல் ஊர் திரும்பினார். அரசுப் பள்ளிக்கூடத்து டாக்டர் வேலை, ஆண்டுக்கு 500 டாலர். சில மாதங்களிலேயே பள்ளிப் பிள்ளைகள் மட்டுமல்லாமல் ஒமாஹா மக்கள் அத்தனை பேருக்கும் அவரே டாக்டர் ஆனார். ஆயிரத்து இருநூறுக்கும் மேற்பட்டவர்கள், ஒரே மருத்துவர். அவருக்கு வயது 24.

சாலை கிடையாது. முதலில் நடந்தும் குதிரையிலும் போனார். பிறகு ஒரு குதிரை வண்டி வாங்கிக்கொண்டார். சமவெளியில் குளிர்காலம் என்றால் வெப்பமானி பூஜ்யத்துக்குக் கீழே எங்கோ கிடக்கும், காற்று கத்தியாய் வீசும். இன்ஃபுளுயென்ஸா, காசநோய், வயிற்றுக்கடுப்பு, மலேரியா, வீட்டுக்கு வீடு கண்ணோய். போன இடத்தில் சமைத்துக் கொடுப்பதும் அவர் வேலை. பட்டினி கிடக்கும் நோயாளிக்கு மருந்து மட்டும் கொடுத்து என்ன ஆகும்? பள்ளிக்கூடத்தில் அவருடைய அறைக்கு வந்தவர்கள் காய்ச்சலுக்கு மட்டும் வரவில்லை. கடிதம் எழுதித் தர, வந்த கடிதத்தைப் படித்துச் சொல்ல, குத்தகைப் பத்திரத்தில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்க வந்தார்கள். வெள்ளையரின் எழுத்தும் ஒமாஹா பேச்சும் ஒருசேரத் தெரிந்த டாக்டர் அதற்கு முன் அங்கே இருந்ததில்லை. வீட்டில் இருக்கும்போது இரவில் ஜன்னலில் விளக்கை ஏற்றி வைப்பாராம், இருட்டில் தேடி வருபவருக்கு வழி தெரியட்டும் என்று.

நான்கே ஆண்டுகளில் உடம்பு கேட்கவில்லை. காதையும் முகத்தையும் பற்றிய எலும்பு நோய், தலைவலி, கழுத்துவலி. 1893-இல் வேலையை விட்டார். மறு ஆண்டு ஹென்றி பிகாட் என்பவரை மணந்துகொண்டு, பக்கத்து ஊரான பான்கிராஃப்டில் தனியாக மருத்துவம் பார்த்தார். வெள்ளையரும் வந்தார்கள், ஒமாஹாக்களும் வந்தார்கள். 1905-இல் கணவர் இறந்தார். குடியும் காசநோயும் சேர்ந்து அவரைக் கொண்டுபோயின.

மதுவைச் சூசன் வாழ்நாள் முழுவதும் எதிர்த்தார். தகப்பனார் ஜோசப்பும் அப்படித்தான்: சொந்தமாக ஒரு காவல் படை வைத்துக் குடிகாரர்களுக்குக் கசையடி கொடுத்தவர். 1888-இல் அவர் இறந்த பிறகு சாராயம் தடையில்லாமல் உள்ளே வந்தது. இந்த இடத்தில் நிலத்தின் கதையையும் சொல்லாமல் முடியாது. 1882-இல் ஒரு சட்டம். ஒதுக்கு நிலத்தின் மேற்குப் பகுதியை வெள்ளையர்களுக்கு விற்க வழி செய்தது. மீதியை ஒமாஹாக்களுக்குத் தலைக்கு இவ்வளவு என்று பிரித்துக் கொடுத்து, 25 ஆண்டு அரசின் பொறுப்பில் வைத்தது. பிரித்துக் கொடுக்க வந்தவர் ஆலிஸ் ஃபிளெட்சர் என்ற மானிடவியலாளர். ஒதுக்கு நிலத்தில் இருந்தபோது அவர் கடும் மூட்டுவாதத்தில் விழுந்தார். அப்போது பணிவிடை செய்தவர் இளம் சூசன். மருத்துவம் படி என்று ஊக்கியவர்களில் ஃபிளெட்சரும் ஒருவர். ஒரே அம்மையார் நிலத்தையும் துண்டு போட்டார், மருத்துவரையும் உருவாக்கினார். வரலாற்றில் நல்லவர்களைத் தனியாக அடுக்கி வைக்க முடிவதில்லை.

விற்ற நிலத்தில் ஊர்கள் முளைத்தன. ஊர் முளைத்தால் சாராயக் கடை முளைக்கும். நிலத்தைக் குத்தகைக்கு எடுக்கவும், கையெழுத்து வாங்கவும் விஸ்கிதான் முன்பணம். சூசன் இதை ஒழுக்கப் பிரச்சினையாகவும் பார்த்தார், தொற்றுநோய் போலவும் பார்த்தார். 1906-இல் ரயில் வந்து வால்ட்ஹில் என்ற புது ஊர் உருவானபோது, ஒதுக்கு நிலத்துக்குள் எழும் இத்தகைய ஊர்களில் மனை வாங்குபவர் மது விற்கக் கூடாது என்று பத்திரத்திலேயே எழுதவைக்கப் போராடி வெற்றி பெற்றார்.

கணவர் இறந்த பிறகு அவருக்கு வேறொரு கல்வி கிடைத்தது. பிள்ளைகளுக்குச் சேரவேண்டிய தகப்பன் வழிப் பணத்தை வாங்க வாஷிங்டனுக்கு மனு மேல் மனு. படித்த, ஆங்கிலம் தெரிந்த, சம்பாதிக்கும் மருத்துவருக்கே இந்தக் கதி என்றால், சாகக் கிடக்கும் தாய்க்கு மருந்து வாங்கத் தன் சொந்த நிலப் பணத்தை எடுக்க முடியாதவன் என்ன செய்வான்? அப்படிப்பட்டவர்கள் அவரிடம் வந்துகொண்டே இருந்தார்கள். 25 ஆண்டுக் கெடு முடியும் தறுவாயில் அரசு இன்னும் பத்தாண்டு நீட்டித்தது. 1910-இல் ஒரு குழுவோடு வாஷிங்டன் போய் நேரில் வாதாடினார். இளமையில் வெள்ளையரின் நாகரிகத்தைக் கற்றால் எல்லாம் சரியாகும் என்று நம்பிய சூசனுக்கும் இந்தச் சூசனுக்கும் இடையே தூரம் அதிகம். அவருடைய வாழ்க்கையை முன்னேற்றக் கதையாக மட்டும் எழுதுபவர்கள் இந்தத் தூரத்தைப் பேசுவதில்லை.

வால்ட்ஹில்லில் அவர் செய்தது முழுக்கப் பொதுச் சுகாதாரம். ஈ மொய்க்காமல் ஜன்னலுக்கு வலை போடுங்கள், எல்லோரும் ஒரே குவளையில் குடிக்காதீர்கள், காசநோயாளியைத் திறந்த காற்றில் படுக்கவையுங்கள் என்று சளைக்காமல் சொன்னார். ஊர்ச் சுகாதாரக் குழுவில் பணியாற்றினார். கவுண்டியின் மருத்துவர் சங்கம் உருவாவதில் பங்கெடுத்தார். காசநோயைத் தடுக்க உதவி கேட்டு வாஷிங்டனுக்கு எழுதினார். பணமில்லை என்றார்கள்.

ஆகவே வேறு வழியில் பணம் திரட்டினார். பிரெஸ்பிட்டீரியன் சபை, குவேக்கர்கள், தனியார் நன்கொடை. 1913 ஜனவரியில் வால்ட்ஹில்லில் குன்றின்மேல் மருத்துவமனை திறந்தது. பொது வார்டு, பிரசவ வார்டு, அறுவைக் கூடம், காற்று வாங்க நீண்ட திண்ணை. ஒமாஹாக்களும் வெள்ளையரும் ஒரே வாசல் வழியாக வந்தார்கள். அரசின் காசு ஒரு செங்கல்லிலும் இல்லை. இதைப் பெருமையாகவே எல்லாப் புத்தகங்களும் எழுதுகின்றன. எனக்கு அதில் கோபமும் வருகிறது. நிலத்தை வாங்கிக்கொண்டு காப்பாற்றுவதாகச் சொன்னவர்கள் கட்டியிருக்க வேண்டிய கட்டடம் அது. 1915 செப்டம்பரில் எலும்புப் புற்றுநோயில், ஐம்பது வயதில், சூசன் இறந்தார். மருத்துவமனைக்கு அவர் பெயர் வைத்தார்கள். 1940-கள் வரை அது மருத்துவமனையாகவே நடந்தது.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1955-இல் பழங்குடி மக்களின் மருத்துவப் பொறுப்பு இந்திய விவகார அலுவலகத்திலிருந்து பொதுச் சுகாதாரத் துறைக்கு மாறியது. இந்திய சுகாதாரச் சேவை என்ற அமைப்பு உருவானது. தர்ஸ்டன் கவுண்டியின் வடபகுதியில் வினிபேகோ ஊரில் அதன் மருத்துவமனை ஒமாஹாக்களுக்கும் வினிபேகோக்களுக்கும் சேவை செய்தது. 2015 ஜூலையில் அந்த மருத்துவமனையின் அங்கீகாரத்தை மத்திய அரசின் இன்னொரு துறையே ரத்து செய்தது. சோதனைக்கு வந்தவர்கள் கண்ட குறைகள் உயிருக்கு ஆபத்தானவை. மத்திய அரசு நடத்தும் மருத்துவமனை ஒன்றுக்கு இப்படி நடந்தது அதுவே முதல் முறை. அங்கீகாரம் போனால் முதியோர், ஏழைகளுக்கான அரசுக் காப்பீட்டுப் பணமும் வராது. ஏற்கெனவே தள்ளாடும் மருத்துவமனை இன்னும் தள்ளாடும்.

சாராயக் கதையும் முடியவில்லை. மேற்கே பென்டர் என்ற ஊர் இருக்கிறது, கவுண்டியின் தலைமையிடம், 1882 சட்டத்தில் விற்ற நிலத்தில் எழுந்தது. அங்கே மது விற்பவர்களிடம் ஒமாஹா பழங்குடி அரசு வரி கேட்டது. நாங்கள் உங்கள் எல்லைக்குள் இல்லை என்றார்கள் ஊர்க்காரர்கள். 2016 மார்ச்சில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னது: நிலத்தை விற்றார்களே தவிர, ஒதுக்கு நிலத்தின் எல்லை சுருங்கவில்லை, பென்டர் அதற்குள்தான் இருக்கிறது. வரி போடும் அதிகாரம் பற்றிய கேள்வியை நீதிமன்றம் திறந்தே விட்டது.

மருத்துவமனை விஷயத்தில் வினிபேகோ மக்கள் கைகட்டிக் காத்திருக்கவில்லை. 2018 ஜூலை 1 அன்று மருத்துவமனையின் நிர்வாகத்தை மத்திய அரசிடமிருந்து தாங்களே எடுத்துக்கொண்டார்கள். தங்கள் பன்னிரண்டு குலங்களை நினைத்துப் பன்னிரு குல ஒற்றுமை மருத்துவமனை என்று பெயர் மாற்றினார்கள். இனி அங்கே டாக்டர் வரவில்லை என்றால் முறையிட வாஷிங்டனுக்கு எழுத வேண்டாம். பழங்குடிச் சபையின் அடுத்த கூட்டத்துக்குப் போய் நின்று கேட்கலாம். பொறுப்பு கைக்கு வந்ததால் மட்டும் பணமும் மருத்துவர்களும் வந்துவிடுவார்களா என்று கேட்டால், வரமாட்டார்கள். கிராமத்துக்கு மருத்துவர் போகத் தயங்குவது பழங்குடி நிலத்துக்கு மட்டும் உரிய சிக்கலும் இல்லை. அதைப் பற்றி இங்கே இருக்கும் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்கள் என்னைவிட நன்றாகப் பேசுவார்கள். கேள்வி நேரத்தில் அவர்களையே முதலில் பேச அழைக்கிறேன்.